கலர் அட்டையில் இரண்டு சாம்பல்

கொலம்பஸ், ஒகாயோ, அமெரிக்கா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே வீட்டுக்குள் என்ன கலர் அடிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். எங்கே பார்த்தாலும் சாம்பல்தான். அதிலும் ஷெர்வின் வில்லியம்ஸ் என்ற பெயிண்ட் கம்பெனியில் இரண்டு: அக்ரீயபிள் கிரே 7029, ரிப்போஸ் கிரே 7015.

கலர் அட்டையில் பார்த்தால் உங்கள் பெயிண்டர் கண்ணுக்கே வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போடுகிறார்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. அக்ரீயபிள் 60, ரிப்போஸ் 58. அதனால் வெளுப்பை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது, அடிச்சாயலைத்தான் பார்க்க வேண்டும். அக்ரீயபிளில் மணல் நிறம் கலந்திருக்கும். ரிப்போஸில் லேசாக ஊதா ஒளிந்திருக்கும்.

அந்த ஊதா வெளியே வருவது வடக்கு ஜன்னல் அறையில். நம் ஊரில் சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி வரை உச்சி வெயிலே வடக்குப் பக்கம் சாயும். இங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான். குளிர்காலத்தில் வடக்குச் சுவரில் வெயிலே படாது. வானத்தின் நீல வெளிச்சம் மட்டும்தான். அதில் ரிப்போஸ் கத்தரிப்பூ கலருக்குப் போய்விடும், வீட்டுக்காரரும் கலர் மாறி வந்துவிட்டது என்று சண்டைக்கு வருவார். அங்கே அக்ரீயபிள்தான் சரி. மேற்கு அறையில் தலைகீழ்: சாயங்கால வெயிலும் 2700 கெல்வின் மஞ்சள் பல்பும் சேர்ந்தால் அக்ரீயபிள் பழுப்பாகிவிடும், ரிப்போஸ்தான் சாம்பலாக நிற்கும்.

பழைய கலர் மேலேயே சாம்பிள் தடவிப் பார்ப்பது வீண். பக்கத்துக் கலர் கண்ணை ஏமாற்றும். இரண்டடி வெள்ளை அட்டையில் இரண்டு கோட்டிங் அடித்து, காலை, மாலை, விளக்கு வெளிச்சம் மூன்றிலும் சுவரில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் முடிவு சொல்லக் கூடாது, காய்ந்தால் ஒரு படி கறுக்கும்.

சுவர் சிமெண்ட் பூச்சு இல்லை, மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. இணைப்புகளில் டேப் ஒட்டிப் பட்டி பார்ப்பார்கள். பலகை மேல் இருக்கும் காகிதமும் பட்டியும் ஒரே மாதிரி உறிஞ்சாது; பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் அடித்தால் இணைப்பெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும், சாம்பலில் இன்னும் மோசம்.

12-க்கு 12 அறை, 8 அடி உயரம் என்றால் சுவர் 384 சதுர அடி. ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர், ஒரு கோட்டிங்குக்கு 350 முதல் 400 சதுர அடி வரும். கதவு, ஜன்னல் கழித்து, இரண்டு கோட்டிங்குக்கு இரண்டு கேலன் போதும். டப்பாவுக்கு டப்பா சாயம் கொஞ்சம் மாறும் என்பதால் இரண்டையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டுத்தான் ரோலரைத் தொடுவது. இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இரண்டு கலர் அட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்