லூவனில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெல்ஜியத்தில் உன் லூவன் ஊரில் நீ சைக்கிளில் தாண்டிப் போகிற அந்தப் 'பாப்பரசர் கல்லூரி' எந்தப் பாப்பரசருடையது என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. நான் வரலாறு பேச ஆரம்பித்தால் உன் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள் என்பதும் உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அவர் ஆறாம் ஏட்ரியன். 1459இல், இன்றைய நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் தச்சர் வீட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தவர், படிப்புதான் கைகொடுத்தது. 1476இல் லூவனுக்கு மாணவனாக வந்து, அங்கேயே இறையியல் பேராசிரியரும் ஆனார். அந்த ஊரில் இருந்த தன் வீட்டை, ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்கட்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அதுதான் அந்தக் கல்லூரி. நீ பார்க்கிற கட்டடம் 18ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது.

பின்னாளில் ஸ்பெயின் மன்னராகவும் பேரரசராகவும் ஆன ஐந்தாம் சார்லஸ் சிறுவனாக இருந்தபோது அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனதில் அவர் வாழ்க்கை திசை மாறியது. ஸ்பெயினில் ஆயர், கர்தினால், பிறகு மன்னர் ஊரில் இல்லாதபோது நாட்டையே பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. மாறான மதக் கருத்து உள்ளவர்களை விசாரித்துத் தண்டித்த சமய விசாரணை மன்றத்துக்கும் தலைவராக இருந்திருக்கிறார். மிருதுவான மனிதர் என்று நினைத்துவிடாதே.

1521 டிசம்பரில் அப்போதைய பாப்பரசர் பத்தாம் லியோ திடீரென்று இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் கூடினார்கள், யாருக்கும் யாரையும் பிடிக்கவில்லை. இழுபறி முற்றியபோது, அந்த அறையிலேயே இல்லாத ஒருவரின் பெயர் எழுந்தது. 1522 ஜனவரி 9 அன்று ஏட்ரியன் திருத்தந்தை, அதாவது பாப்பரசர், ஆனார். அப்போது அவர் ஸ்பெயினில் விட்டோரியாவில் இருந்தார். வெளியே வந்த கர்தினால்மாரை ரோம் ஜனங்கள் தெருவில் வைத்தே வைதார்களாம், ஊர் பேர் தெரியாத ஒரு அந்நியனையா கொண்டுவருகிறீர்கள் என்று.

அவர் ரோம் வந்து சேர்ந்தபோது ஆகஸ்டு கடைசி. ஊரில் கொள்ளை நோய். கஜானாவில் கடன்தான் மிச்சம். லியோவின் அரண்மனையில் கவிஞர்கள், பாடகர்கள், விருந்துகள் என்று இருந்த இடத்தில் இவருக்குச் சமைக்க ஊரிலிருந்து கூட்டிவந்த ஒரு வயதான அம்மாள். புதுப்பெயர்கூட வைத்துக்கொள்ளவில்லை. லவோகோன் என்ற புகழ்பெற்ற பழங்காலச் சிலையைக் காட்டியபோது "பழைய காலத்து விக்கிரகங்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கலைஞர்களுக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா?

சீர்திருத்தத்தில் அவர் எங்கே மாட்டிக்கொண்டார் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். திருச்சபைப் பதவிகளை விற்பதை நிறுத்த நினைத்தார். ஆனால் லியோ காலத்திலும் அதற்கு முன்னும் ஏராளமான பதவிகளைப் பணம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்திருந்தார்கள். குடியிருப்பவனைக் காலி செய்யச் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா? கொடுக்கக் காசு இல்லை. கொடுக்காமல் பறித்தால் அதுவும் அநியாயம். விற்றவர் செத்துப்போனார்; வாங்கியவர்கள் எல்லாரும் இவருக்கு எதிரிகள்.

அப்படியும் ஒரு காரியம் செய்தார். ஜெர்மனியில், திருச்சபையை எதிர்த்துக் கிளம்பிய துறவி லூத்தரின் பிரச்சினை கொழுந்துவிட்டு எரிந்த நேரம். நியூரம்பர்க்கில் கூடிய ஜெர்மன் பிரபுக்களின் மன்றத்துக்குக் கியெரெகாட்டி என்ற தூதரை அனுப்பினார். 1523 ஜனவரியில் அவர் அங்கே வாசித்த அறிவுறுத்தலில் இருந்ததை நான் எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன்: பல ஆண்டுகளாக இந்தத் திருப்பீடத்திலேயே அருவருப்பான காரியங்கள் நடந்துவிட்டன, நோய் தலையிலிருந்து உறுப்புகளுக்கு, திருத்தந்தையரிடமிருந்து கீழே உள்ளவர்களுக்கு இறங்கியிருக்கிறது, நாங்கள் எல்லாருமே வழி தவறினோம். லூத்தரை அடக்க வேண்டும் என்று அதே அறிவுறுத்தலில் கண்டிப்பாகவும் சொன்னார். வியாதி பழசு, பலவிதமானது, படிப்படியாகத்தான் குணமாகும் என்றும் சொன்னார். அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. லூத்தர் பக்கத்தார், பார்த்தீர்களா, அவரே ஒப்புக்கொண்டார் என்றார்கள். ரோமில் இருந்தவர்கள், வீட்டு விஷயத்தைத் தெருவில் போட்டுவிட்டான் என்றார்கள். பதவியை இழக்காமல், யாரும் கழுத்தைப் பிடிக்காமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் இதைச் சொன்னாரே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆனால் அவருடைய தோல்விக்குக் காலத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு இத்தாலிய மொழி வராது. எல்லாரிடமும் இலத்தீன்தான், அதுவும் வடக்கத்தி உச்சரிப்பில். நம்பியது கூடவே வந்த தன் ஊர்க்காரர்கள் சிலரை. சீர்திருத்தம் வேண்டும் என்று ஏங்கிய கர்தினால்மார் ரோமிலும் இருந்தார்கள். அவர்களைத் தன் ஆட்களாக ஆக்கிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. நீ போன மாதம், "டச்சு எதுக்குப்பா, ஆங்கிலமே போதும், சமையலும் பேச்சும் நம்ம பிள்ளைகளோடுதான்" என்றாய். அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மாலை வகுப்பு இருக்கிறதா என்று விசாரி. பணம் அப்பா அனுப்புகிறேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1522 முடிவில், கிறிஸ்தவ வீரர்கள் காத்துவந்த ரோட்ஸ் தீவு துருக்கியர் கைக்குப் போனது. உதவி அனுப்ப அவரால் முடியவில்லை. மறு வருஷம் செப்டம்பர் 14 அன்று இறந்துபோனார். ரோமில் இருந்தது ஒரு வருஷமும் சில நாட்களும்தான். அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரின் வாசலில், நாட்டை மீட்டவர் என்று எழுதி மாலை போட்டார்களாம்; குரூரமான நையாண்டி. அடுத்து வந்தவர், லியோவைப் போலவே, மெடிச்சி என்ற பெரிய குடும்பத்துக்காரர். 1527இல் ரோமே சூறையாடப்பட்டது. சூறையாடியது சார்லஸின் சேனை என்பதைக் கவனி. அதற்குப் பிறகு இத்தாலியர் அல்லாத ஒருவர் அந்த இடத்துக்கு வர 1978 வரை ஆயிற்று.

ஈஸ்டர் லீவில் ரோம் போவதாகச் சொன்னாயே, நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாந்தா மரியா தெல் ஆனிமா என்று ஒரு கோவில் உண்டு. அவர் கல்லறை அங்கேதான். எப்பேர்ப்பட்ட நல்லவனுக்கும் அவன் வாழக் கிடைத்த காலம்தான் எல்லாம் என்ற பொருளில் ஒரு புலம்பல் இலத்தீனில் பொறித்திருக்கும். நான் அதை முழுதாக ஏற்கவில்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன். நீ பார்த்துவிட்டு உன் கட்சியைச் சொல். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பாஸ்க்வினோ என்ற மூக்குடைந்த சிலை நிற்கும். ராத்திரியில் ஜனங்கள் அதில் கேலிப்பாட்டு ஒட்டுவார்கள். ஏட்ரியனும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சிலையை ஆற்றில் போடச் சொன்னபோது, தண்ணீருக்குள் போனால் தவளை மாதிரி இன்னும் சத்தமாகக் கத்தும் என்று தடுத்தார்களாம். இன்றைக்கும் அங்கே தாள் ஒட்டுகிறார்கள். யாரை வைகிறார்கள் என்று படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா