குடல் நோய்க்கான மரபணு அறிக்கையில் ஒரு வரியைச் சேருங்கள்

மரபணுப் பரிசோதனை அறிக்கைகளில் கையெழுத்திடும் அறிவியல் குழுவினருக்கு,

வணக்கம்.

குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயோடு தொடர்புடைய நாட்-2 (NOD2) மரபணுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. என் தம்பியின் அறிக்கையில் அதற்கு நேராக, 'குரோன் நோய் ஆபத்து: குறைவு' என்று பச்சை நிறத்தில் அச்சிட்டிருந்தது. அந்தச் சொல்லை அப்பா முழுதாக நம்பினார். வயிற்றுவலியும் வயிற்றுப்போக்குமாகத் தம்பி இளைத்துக்கொண்டே போனான். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அப்பா பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டி, "மரபணுவிலேயே பார்த்தாயிற்று டாக்டர், அது இல்லை" என்றார். கடைசியில் பார்த்தபோது சிறுகுடலின் இறுதிப் பகுதி சுருங்கிப்போயிருந்தது. குரோன் நோய்தான். அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள்.

நீங்கள் தேடியது எதை? நாட்-2 மரபணு உருவாக்கும், பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கை இனங்காணும் ஏற்பிப் புரதத்தில், 2001இல் ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட மூன்று மாற்றங்களை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அவற்றைப் பெற்றவருக்கு ஆபத்து பல மடங்கு கூடும். அவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. ஜப்பானிய நோயாளிகளிடம் அவை இல்லை என்பது 2002இலேயே தெரியும். இந்திய நோயாளிகளிடமும் இல்லை என்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். இங்கே நோயாளிகளிடமே காணப்படாத ஒன்றைத் தம்பியிடம் தேடி, இல்லை என்று கண்டு, அதனால் ஆபத்து குறைவு என்று எப்படி எழுத முடிந்தது?

'இந்த மாற்றங்கள் இல்லாததால் நோய் வராது என்று பொருள் இல்லை.' இந்த வரியை முதல் பக்கத்தில், தமிழில் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் வேண்டாம்.

குரோன் மட்டுமா? நோயெதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் லூபஸ், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் எல்லாவற்றுக்கும் அதே பச்சை, மஞ்சள், சிவப்பு. உலகின் மரபணு ஆய்வுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்தே நடந்திருக்கிறது. யாருடைய இரத்தத்தில் கண்டதை வைத்து யாருடைய ஆபத்தைச் சொல்கிறீர்கள்? பணம் வாங்க வரும்போது தமிழில் பேசுகிறீர்கள். எச்சரிக்கையை மட்டும் ஆங்கிலத்தில் வைக்கிறீர்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: அடுத்த அறிக்கை அச்சாகும் முன் அந்த வரியைச் சேருங்கள். மூன்று மாற்றங்களை மட்டும் பார்த்துவிட்டு 'குறைவு' என்று எழுதுவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே அறிக்கை வாங்கியவர்களுக்கும் இதைத் தெரிவியுங்கள். அவர்களுடைய முகவரிகள் உங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு குரோன் நோயாளியின் அக்கா