செயலாளரின் ஆண்டறிக்கை: மாட்டுக் கொட்டகைகளில் மின் செலவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, மாதவரம், புழல், மணலி, மீஞ்சூர் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் தீவன விலைக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்டது மின் கட்டணம் என்பதால், உறுப்பினர்களின் கொட்டகைகளை நேரில் பார்வையிட்டு மின்சாரம் எங்கே செலவாகிறது என்று அறிய நிர்வாகக் குழு தீர்மானித்தது. பால் குளிரூட்டும் தொட்டி, தண்ணீர் மோட்டார், தீவனத் தட்டை நறுக்கும் எந்திரம், மின்விசிறி ஆகியவற்றிலேயே பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. விளக்குகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

கறந்த பால் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அதை 4 டிகிரிக்குக் கொண்டுவர, குளிரூட்டும் எந்திரம் நல்ல நிலையில் இருந்தால், 100 லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் போதும். ஆனால் ஒரு கொட்டகையில், தகரக் கூரைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்திருந்த எந்திரத்தின் பின்புறத் தகடுகளில் வைக்கோல் தூசியும் தவிடும் கம்பளி விரித்தாற்போல் அப்பியிருந்தன. சூடு வெளியேற வழியின்றிக் கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டி, எந்திரத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தி வைத்த பிறகு அது விட்டு விட்டு ஓடத் தொடங்கியது. புதிய எந்திரத்துக்குக் கடன் கேட்டு மனு கொடுத்திருக்கும் உறுப்பினர்கள் முதலில் இந்த வேலையைச் செய்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பால் கேனை முதலில் கிணற்றுத் தண்ணீரில் நிறுத்தும் பழக்கத்தைச் சிலர் விட்டுவிட்டனர். நம் பகுதியில் அந்தத் தண்ணீரே 28 டிகிரி அளவில் இருப்பதால் குளிர்நாடுகளைப் போலப் பாதிச் சூடு இறங்காது. ஆயினும் பால் 30 டிகிரிக்கு வந்தாலே எந்திரத்தின் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அந்தத் தண்ணீரை மாடுகளுக்குக் காட்டிவிடலாம்.

கறந்தவுடன் வீடுகளுக்கு ஊற்றிவிடும் உறுப்பினர்களுக்கு மோட்டாரே பெரிய செலவு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பதால் மோட்டாருக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை உப்பு நீர் அரித்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டி நிறையும் நேரம் நாளுக்கு நாள் கூடினால் இம்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தட்டை நறுக்கும் கத்தி மழுங்கினாலும் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும்.

கோடையில் கலப்பினப் பசுக்களுக்கு மின்விசிறி அவசியம். அதை நிறுத்தி மிச்சம் பிடிப்பவர் பாலில் இழப்பார். நம் கடற்கரைப் புழுக்கத்தில் மாட்டின் மேல் தண்ணீர் தெளித்தால் மட்டும் போதாது, ஈரம் உலரக் காற்றும் வேண்டும். பழைய 75 வாட் விசிறிக்குப் பதிலாக 30 வாட் அளவிலான, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் விசிறி பொருத்தலாம்.

சூரிய மின்தகடு குறித்துப் பலர் கேட்டனர். ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். ஆனால் நாம் கறப்பது விடியற்காலையிலும் பிற்பகலிலும் என்பதால், உச்சி வெயிலில் மோட்டாரை ஓட்டிக்கொள்பவருக்கே அது உடனடியாகப் பயன்படும். கூரைச் சூரிய மின்சாரத்துக்காக மத்திய அரசு 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் வீடுகளுக்கானது என்பதையும் விற்பனையாளர் பேச்சைக் கேட்கும் முன் நினைவில் கொள்ளவும்.

நான்கைந்து மாடுகளின் 50 கிலோ சாணத்தில் 2 கன மீட்டர் சாண எரிவாயு கிடைக்கும். பாத்திரம் கழுவ வெந்நீர் வைக்கவும் சமையலுக்கும் அது உதவும். கலன் அமைக்க இடமுள்ள உறுப்பினர்கள் இம்மாத இறுதிக்குள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.