விற்பனைப் பேச்சு நடந்தாலும் வேலை நிற்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையச் சேவை நிறுவனங்களை வாங்கப் போட்டி மூளும் என்று முதலீட்டாளர்கள் எதிர்பார்ப்பதாகத் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். 2022 ஜூலையில் தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான டெல்காமை வாங்கும் பேச்சைக் கைப்பேசிச் சேவை நிறுவனமான எம்டிஎன் அறிவித்ததும், அதன் போட்டியாளரான ரெயின் நிறுவனமும் முன்வந்ததும், தன்னோடு மட்டுமே பேசுவதற்கான உறுதி கிடைக்காமல் அக்டோபரில் எம்டிஎன் விலகியதும் பங்கு விலை ஏறி இறங்கிய கதையாகவே பேசப்பட்டன. ஃபைபர் (கண்ணாடி இழை) இணைய இணைப்பு எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்ற கேள்வி எழவே இல்லை.

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வாசலருகே நடைபாதையைத் தோண்டிப் பதித்த குழாயின் முனை ஓராண்டாக மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. நிறுவனம் கைமாறும் பேச்சு முடியட்டும் என்பதே தொலைபேசியில் கிடைக்கும் பதில். என் பேத்தியின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்போ கைப்பேசி டேட்டா தீர்ந்ததும் பாதியில் அறுந்துபோகிறது. ஃபைபர் நிறுவனமான மேசிவில் கைப்பேசிச் சேவை நிறுவனமான வோடகாம் பங்கு வாங்கும் உடன்பாட்டை, நிறுவன இணைப்புகளை ஆராயும் போட்டித் தீர்ப்பாயம் 2024 அக்டோபரில் தடுத்தது. போட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அனுமதித்தது. இத்தனை காலம் நீளும் இத்தகைய விவகாரங்களில், தொடங்கிய இணைப்புப் பணிகளைத் தெருவாரியாகத் தேதியிட்டு முடித்தாக வேண்டும் என்பதைப் போட்டித் தீர்ப்பாயம் ஒப்புதலுக்கு நிபந்தனையாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.