வினைச்சொல்லை வாக்கியத்தோடு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதுவோருக்காகத் தங்கள் கல்வி இணைப்பில் வாரந்தோறும் வரும் ஆங்கில வினைச்சொல் பட்டியலைத் தவறாமல் படிக்கிறேன். நல்ல முயற்சி. ஆனால் சொல்லையும் எதிரே தமிழ்ப் பொருளையும் மட்டும் அச்சிட்டால் போதாது. ஒவ்வொரு வினைக்கும் ஒரு முழு வாக்கியம் தர வேண்டுகிறேன்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பணி முடிந்து வரும் செவிலியர் சிலருக்கு மாலையில் இத்தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற, இத்தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். மூன்றையும் தாண்டிவிட்டு எழுத்தில் 6 வாங்கி நிற்பவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். மறுபடி எழுதக் கட்டும் பணம் பலருக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

இவர்களுக்குச் சொற்பஞ்சம் இல்லை. பட்டியல்கள் அத்தனையும் மனப்பாடம். வரைபடத்தை விளக்கி 150 சொற்களாவது எழுதச் சொன்னால்தான் தடுமாற்றம். 'ரைஸ்', 'ரெய்ஸ்' இரண்டுக்கும் உயர்வு என்றே படித்திருக்கிறார்கள். விற்பனை உயர்ந்தது ('ரைஸ்'), விலையை உயர்த்தினார்கள் ('ரெய்ஸ்') என்று பள்ளியில் படித்த தன்வினை பிறவினையை நினைவூட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்தது 'டு', 'பை'. இருபதிலிருந்து முப்பதாக உயர்ந்ததை 'ரோஸ் டு தர்ட்டி' என்று எழுதாமல் 'ரோஸ் பை தர்ட்டி' என்று எழுதினால் முப்பது கூடி ஐம்பதாகிவிட்டது என்று பொருள். அது இலக்கணப் பிழையோடு நிற்பதில்லை, தகவலே தவறாகிறது. 'டிஸ்கஸ்' (விவாதி) என்பதை அடுத்து, ஆங்கிலத்தில் தேவையில்லாத 'அபௌட்' (பற்றி) ஒட்டிக்கொள்வது தமிழ்ப் பழக்கத்தால். தமிழில் நாம் பெரும்பாலும் ஒன்றைப் 'பற்றி'த்தானே விவாதிக்கிறோம்.

கட்டுரைப் பகுதியில் இன்னொரு சிக்கல். எதற்கெடுத்தாலும் 'ப்ரூவ்'. நிரூபிக்கிறது என்று அடித்துச் சொன்னால் மதிப்பெண் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஓர் உதாரணம் எதையும் நிரூபிக்காது. 'இப்படி இருக்கலாம் எனத் தோன்றுகிறது', 'சுட்டுகிறது' என்ற பொருளில் 'சஜஸ்ட்', 'இண்டிகேட்' என்று அளந்து சொல்வதே கல்விப்புல எழுத்தின் இயல்பு. மருத்துவமனைக் குறிப்பில் "நோய்த்தொற்று இருக்கக்கூடும்" என்று கவனமாக எழுதும் கைகள்தானே இவை! அந்தக் கவனத்தைக் கட்டுரைக்கும் கொண்டுவர ஒரு நல்ல மாதிரி வாக்கியம் போதும்.

தங்கள் பட்டியலில் வரும் சொற்களில் பல, நியூசிலாந்தின் மொழியியல் ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச்சொல் பட்டியலின் 570 சொற்குடும்பங்களை (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகளை) சேர்ந்தவை. அவர் அவற்றைப் பல துறைகளின் கல்வி நூல்களிலும் கட்டுரைகளிலும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணித்தான் தேர்ந்தெடுத்தார். வாக்கியங்களிலிருந்து எடுத்த சொற்களை வாக்கியத்தோடு கொடுப்பதுதானே முறை? மிக அதிகமாக வரும் முதல் 60 சொற்குடும்பங்களை அவரே தனியாகப் பிரித்துவைத்திருக்கிறார். அதிலுள்ள வினைகளிலிருந்து தொடங்கலாம்.

இடம் போதவில்லை என்றால் வாரம் இருபது சொற்கள் வேண்டாம், ஐந்து போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
நாகர்கோவில்.