40 ஏக்கர், 439 உரிமையாளர்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பூர்வகுடிகள் பற்றிய தங்கள் கட்டுரையில், ‘நிலப் பங்கீட்டுச் சட்டம் 1934இல் கைவிடப்பட்டதோடு அந்தப் பிரச்சினை முடிவுக்கு வந்தது’ என்று ஒரு வரி இருக்கிறது. பங்கு போடுவதை 1934இல் நிறுத்தினார்கள் என்பது உண்மை. பிரச்சினை முடியவில்லை. பட்டா, பாகப்பிரிவினை என்று அன்றாடம் அலையும் நம் வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

1887 பிப்ரவரி 8இல் வந்த அந்தப் பங்கீட்டுச் சட்டம் (டாஸ் சட்டம்), அதுவரை ஒவ்வொரு பூர்வகுடிக் குழுவுக்கும் பொதுவாக இருந்த நிலத்தைத் தலைக்கட்டு வாரியாக அளந்து கொடுத்தது. குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர். 18 வயது தாண்டிய தனியாளுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் 80. மற்ற சிறுவர்களுக்கு 40. மணமான பெண்ணுக்குத் தனிப்பங்கு கிடையாது. 1891இல்தான் ஆளுக்கு 80 என்று திருத்தினார்கள். சூது இந்த அளவுகளில் இல்லை, கொடுத்தது போக மிஞ்சியதில் இருந்தது. அதற்கு ‘உபரி’ என்று பெயரிட்டு வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். 1887இல் பூர்வகுடிகளிடம் இருந்தது 13.8 கோடி ஏக்கர். 1934இல் 4.8 கோடி.

ஒப்பந்தங்கள் இருந்தனவே என்று கேட்கலாம். 1867இல் கயோவா, கமான்சி மக்களோடு செய்த ஒப்பந்தப்படி, வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் நிலத்தைத் தொட முடியாது. அத்தனை கையெழுத்து சேரவில்லை. ஆனாலும் அமெரிக்க நாடாளுமன்றம் நினைத்தால் ஒப்பந்தத்தை மீறலாம் என்று 1903இல், கயோவா தலைவர் லோன் உல்ஃப் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பங்காகக் கொடுத்த நிலமும் தங்கவில்லை. 25 ஆண்டுகளுக்கு அரசே அறங்காவலர். விற்க முடியாது, வரியும் கிடையாது. 1906இல் வந்த திருத்தம், ஒருவரைத் ‘தகுதியானவர்’ என்று அதிகாரி முடிவு செய்தால் கெடு முடியும் முன்பே முழு உரிமைப் பத்திரத்தைக் கொடுக்க வழிசெய்தது. கேட்காதவர் கையிலும் பத்திரத்தைத் திணித்தார்கள். 1917க்குப் பிறகு ஒருவரிடம் பூர்வகுடி ரத்தம் எத்தனை பங்கு என்று பார்த்தே தகுதியை முடிவு செய்தார்கள். பத்திரம் வந்த மறுநாளே நிலவரியும் வந்தது. கையில் ரொக்கம் புழங்காத குடும்பம் வரி கட்டாமல் விட, நிலம் ஏலத்துக்குப் போனது.

பத்திரம் வாங்காமல் அறங்காப்பிலேயே இருந்தவர்கள் வேறு விதமாக மாட்டிக்கொண்டார்கள். 1910 வரை அவர்கள் உயில் எழுத வழியில்லை. இறந்தவரின் நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பிரிபடாத பங்காக இறங்கியது. பங்கீட்டை நிறுத்திய 1934 சட்டம் அறங்காப்பைக் காலவரையின்றி நீட்டியதால் இந்தச் சங்கிலி அறுபடவே இல்லை. ஐந்து பிள்ளைகள், 25 பேரன் பேத்திகள், 125 கொள்ளுப்பேரர்கள். நம் ஊர்க் கூட்டுப்பட்டாவும் சிக்கல்தான். ஆனால் இங்கே பங்காளிகள் கூடிப் பேசிப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதியலாம், ஒத்துவராவிட்டால் வழக்குப் போடலாம். அங்கே விற்க, அடகு வைக்க, பிரிக்க எல்லாவற்றுக்கும் உள்துறையின் ஒப்புதல் வேண்டும் (போலீசைக் கவனிக்கும் நம் உள்துறை அல்ல, நிலமும் கனிமமும் பார்க்கும் துறை).

விளைவைப் பார்க்க ஒரு மனை போதும். டகோட்டாவில், சிசெட்டன்-வாபெட்டன் மக்களின் லேக் டிராவர்ஸ் ஒதுக்கிடத்தில் 1305 என்ற எண் கொண்ட நிலம். பரப்பு 40 ஏக்கர், மதிப்பு 8,000 டாலர், ஆண்டு வருமானம் 1,080 டாலர். உரிமையாளர்கள் 439 பேர். பங்குகளைக் கணக்கிடப் பயன்பட்ட பொதுப் பகுதி எண் 3,39,492 கோடியே 38 லட்சத்து 40 ஆயிரம். மிகச் சிறிய பங்குக்காரருக்கு 177 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சென்ட் காசு (டாலரில் நூறில் ஒன்று) கிடைக்கும். இந்தக் கணக்கை எழுதிவைக்க அரசுக்கு ஆண்டுச் செலவு 17,560 டாலர். எல்லாம் 1987இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவானவை.

அந்த வழக்கே ஒரு வேடிக்கை. 2 சதவீதத்துக்கு மேற்படாத, ஆண்டுக்கு 100 டாலர்கூட ஈட்டாத பங்குகள் உரிமையாளர் இறந்ததும் குழுவுக்கே திரும்பும் என்று 1983இல் சட்டம் போட்டார்கள். இழப்பீடு இல்லாமல் சொத்தைப் பறிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1903இல் அந்த அரசியல் சட்டம் எங்கே போயிருந்தது?

குத்தகை, எண்ணெய், மரம் ஆகியவற்றில் வந்த பணத்தையும் அரசுதான் வாங்கித் தனிநபர் கணக்குகளில் வைத்தது. யாருக்கு எவ்வளவு என்று கேட்டபோது கணக்குக் காட்ட முடியவில்லை. பிளாக்ஃபீட் குழுவைச் சேர்ந்த எலோயிஸ் கோபெல் 1996இல் தொடுத்த வழக்கு 2009இல் 340 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. கணக்குக் காட்டாததற்கான ஈடு ஆளுக்கு 1,000 டாலர். நூறாண்டுக் கணக்குக்கு இது என்ன தொகை! அவர் 2011இல் காலமானார். பணம் பட்டுவாடா ஆவதைப் பார்க்கவில்லை.

சமரசத் தொகையில் 190 கோடி டாலர், சிதறிய பங்குகளை விருப்பமுள்ளவர்களிடம் வாங்கிக் குழுவிடம் சேர்க்க ஒதுக்கப்பட்டது. அத்திட்டம் 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. பங்குகள் இன்னும் ஏராளம். 20 பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ உரிமை உள்ள நிலத்தைக் குத்தகைக்கு விட, பாதிக்கு மேற்பட்ட பங்குக்குரியவர்கள் சம்மதிக்க வேண்டும். ஐந்து பேருக்குள் என்றால் 90 சதவீதம். முகவரி தெரியாத பங்காளிகளைத் தேடுவதிலேயே பருவம் போய்விடும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்து, அவர் பங்கு அந்த நிலத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால், 2006 முதல் அது மூத்த பிள்ளைக்கு மட்டும் போகிறது. மேலும் துண்டாகாமல் தடுக்க அரசு கண்ட வழி இது. இளையவர்களுக்குத் தாத்தன் நிலத்தில் ஒரு சென்ட் பங்கும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்