வேதியியல் ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னாள் பொறுப்பாளர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

நமது சங்கத்தின் கடந்த ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைப்பது செயலாளர் என்ற முறையில் என் கடமை. "வந்திருக்கும் உறுப்பினர்களே" என்று விளித்ததில் உள்நோக்கம் எதுவும் இல்லை. வராதவர்களைப் பற்றிப் பின்னர் தனியே ஒரு பத்தி வருகிறது.

செயற்குழு விதிப்படி கூடியது. பிப்ரவரி 28 அன்று தேசிய அறிவியல் நாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. பணி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர்களுக்குப் பொன்னாடை அணிவிக்கப்பட்டது. பிளஸ் டூ மாணவர்களுக்கான வினா விடைத் தொகுப்பு வெளியானது. ஜூன் மாதக் கூட்டம் இடவப்பாதி மழையால் நடைபெறவில்லை. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

இவ்வாண்டு சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதியும், பொருளாளர் அடிக்கடி நினைவூட்டுவதுபோல் பணத்தில் ஒரு பகுதியும், அரோமேட்டிக் சேர்மங்களில் நைட்ரோ ஏற்றத்தைப் பசுமையாகவும் தேர்வுத்திறனுடனும் செய்யும் முறைகள் பற்றிய படிப்பு வட்டத்திற்குச் செலவாயின. பென்சீன் போன்ற வளையச் சேர்மத்தில், அதாவது அரோமேட்டிக் சேர்மத்தில், நைட்ரோ தொகுதியைச் சேர்ப்பதே நைட்ரோ ஏற்றம்; கழிவைக் குறைப்பது பசுமை; வேண்டிய விளைபொருளை மட்டும் மிகுதியாகப் பெறுவது தேர்வுத்திறன். பாடநூலில் அரைப்பக்கம் வரும் வினைக்கு ஓராண்டு முழுவதும் வேண்டுமா என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. கேட்டவர்கள் படிப்பு வட்டத்திற்கு ஒருமுறைகூட வரவில்லை என்பதால், விடையை இங்கேயே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

1834இல் மிட்சர்லிஷ் பென்சீனைப் புகையும் நைட்ரிக் அமிலத்துடன் வினைப்படுத்தி நைட்ரோபென்சீனைப் பெற்றார். அடர் நைட்ரிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்த நைட்ரோ ஏற்றக் கலவையே இன்றுவரை நம் ஆய்வகங்களிலும் பெரும் ஆலைகளிலும் கோலோச்சுகிறது. இக்கலவையில் கந்தக அமிலம் விளைபொருளுக்குள் நுழைவதே இல்லை. நைட்ரிக் அமிலத்திலிருந்து, வளையத்தைத் தாக்கும் நைட்ரோனியம் அயனியை உண்டாக்குவதும், வினையில் தோன்றும் நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்வதுமே அதன் வேலை. அந்த நீரால் நீர்த்துப்போன அமிலத்தை மீண்டும் அடர்வாக்க வெப்பம் வேண்டும். இல்லையேல் காரமிட்டு நடுநிலையாக்கி உப்பாகக் கொட்ட வேண்டும். விளைபொருளைக் காரநீரால் கழுவும்போது நைட்ரோபீனால்கள் கரைந்து மஞ்சள் நிறக் கழிவுநீராக வெளியேறுகின்றன. பெரிய நைட்ரோபென்சீன் ஆலைகள் வினையின் வெப்பத்தை வெளியே விடாமல், அதைக் கொண்டே செலவழிந்த அமிலத்தின் நீரை ஆவியாக்கும் ஏற்பாட்டுக்கு மாறியிருக்கின்றன. நம் கல்லூரி ஆய்வகங்களில் அதற்கு வழியில்லை. செய்முறை வகுப்பு முடிந்ததும் தொட்டியில் ஊற்றப்படும் அமிலம் எந்த வாய்க்கால் வழியே பழையாற்றுக்குப் போகிறது என்பதை நாகர்கோவில்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது தேர்வுத்திறன். வளையத்தில் ஏற்கெனவே உள்ள தொகுதிக்கு அடுத்த இடம் ஆர்த்தோ, அதற்கும் அடுத்தது மெட்டா, நேர் எதிர்ப்புறம் பாரா; நைட்ரோ தொகுதி எந்த இடத்தில் அமர்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு மாற்றியங்கள் கிடைக்கும். டொலுவீனைக் கலவை அமிலத்தில் நைட்ரோ ஏற்றினால், ஏறத்தாழ நூற்றுக்கு 59 பங்கு ஆர்த்தோ மாற்றியமும், 37 பங்கு பாரா மாற்றியமும், 4 பங்கு மெட்டா மாற்றியமும் கிடைக்கின்றன. பாரா மாற்றியம் மட்டும் வேண்டுமெனில், பாதிக்கு மேற்பட்ட மூலப்பொருள் கேட்காத இடத்திற்குப் போய்விடுகிறது. பிரித்தெடுக்கும் செலவு வேறு. இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் விவசாயிகள் ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்படுத்திவரும் பி.என்.பி. என்பது பாரா நைட்ரோபீனால்தான். அதைத் தயாரிக்கக் குளோரோபென்சீனை நைட்ரோ ஏற்றும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆர்த்தோ மாற்றியமாகிறது. பாரா மாற்றியத்தைக் காரத்துடன் வினைப்படுத்தினால் நைட்ரோபீனால் கிடைக்கும். அதை ஒடுக்கி அசிட்டைலேற்றினால் பாராசிட்டமால் கிடைக்கும். காய்ச்சல் மாத்திரையும் ரப்பர் ஷீட்டும் ஒரே வினையில் வேர் கொண்டவை என்று நான் சொன்னபோது சிரித்த உறுப்பினர்கள், வீடு சென்று சரிபார்த்திருப்பார்கள் என நம்புகிறேன்.

படிப்பு வட்டத்தில் நாங்கள் முதலில் தெளிந்துகொண்டது, பசுமையும் தேர்வுத்திறனும் இரு வேறு பேறுகள் என்பதே. ஒன்று கிடைத்தால் மற்றது தானாகக் கிடைக்கும் என்று பேசும் கருத்தரங்க உரைகள் பல. 1997இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பாரெட் குழுவினர் இட்டெர்பியம் ட்ரைஃப்ளேட் என்ற உலோக உப்பை வினைவேக மாற்றியாகக் கொண்டு, கந்தக அமிலமே இல்லாமல், வழக்கமான 69 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தைச் சமமோலார் அளவில் (மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு) மட்டும் பயன்படுத்தி நைட்ரோ ஏற்றிக் காட்டினர். துணை விளைபொருள் நீர் மட்டுமே. நீர்ப்பகுதியை ஆவியாக்கினால் வினைவேக மாற்றி மீண்டும் கைக்கு வந்துவிடும். அணுச் சிக்கனத்தில், அதாவது மூலப்பொருளின் அணுக்களை வீணாக்காமல் விளைபொருளில் சேர்ப்பதில், இதை விஞ்சுவது கடினம். ஆனால் மாற்றியங்களின் விகிதம் கலவை அமிலத்தில் கிடைப்பதிலிருந்து வெகுதூரம் விலகவில்லை. கரைப்பானும் குளோரின் கொண்டது. இவ்விரண்டையும் சொல்லாமல் இம்முறையைப் பசுமை என்று மட்டும் புகழ்வது மாணவர்களை ஏமாற்றுவதாகும்.

1998இல் சுவான்சியில் கீத் ஸ்மித் குழுவினர் வெளியிட்ட முறை மறுபக்கத்திலிருந்து, அதாவது தேர்வுத்திறனிலிருந்து வருகிறது. பீட்டா ஜியோலைட் என்ற நுண்துளைத் திண்மத்தின் ஏறத்தாழ 0.7 நானோமீட்டர் அகலமுள்ள துளைகளுக்குள், அசிட்டிக் அன்ஹைட்ரைடும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்து வினைபுரியும்போது, பக்கத்தில் ஒரு தொகுதி இருக்கும் ஆர்த்தோ இடம் நெருக்கடிக்குள்ளாகிறது. பாரா இடம் தாராளமாக இருக்கிறது. டொலுவீனில் பாரா மாற்றியம் 79 விழுக்காடு வரை உயர்ந்தது. தனிக் கரைப்பான் வேண்டியதில்லை. துணை விளைபொருளான அசிட்டிக் அமிலத்தை வாலை வடித்துப் பிரிக்கலாம். ஜியோலைட்டை மீண்டும் பயன்படுத்தலாம். இதற்கு முன்பே லாஸ்லோ குழுவினர் மாண்ட்மோரில்லோனைட் களிமண்ணில் தாமிர, இரும்பு நைட்ரேட்டுகளை ஏற்றிப் பயன்படுத்தினர். நம் குளத்துக் களிமண் ஆகாதா என்று தக்கலை உறுப்பினர் ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. செம்மண் நிலத்துக் களிமண்ணில் பெரும்பாலும் கயோலினைட்டே இருக்கிறது. மாண்ட்மோரில்லோனைட்டைப் போல அடுக்குகளுக்கிடையே அயனிகளை ஏற்று மாற்றிக்கொள்ளும் இயல்பு அதற்கு இல்லை.

ஜியோலைட் முறையை ஏன் செய்து காட்டவில்லை என்ற குறை சுற்றறிக்கைக்கு வந்த பதிலிலேயே எழுதப்பட்டிருந்தது. அசிட்டிக் அன்ஹைட்ரைடும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் உண்டாகும் அசிட்டைல் நைட்ரேட் வெடிக்கும் தன்மையுடையது. முறையான குளிர்விப்பும் மேற்பார்வையும் உள்ள ஆராய்ச்சிக்கூடத்திற்கு உரியதை, மின்விசிறி மட்டுமே உள்ள வாடகைக் கூடத்தில் செய்து காட்டச் செயலாளர் ஒப்பவில்லை. இனியும் ஒப்பமாட்டார்.

நாங்கள் செய்து காட்டியது சாலிசிலிக் அமிலத்தைக் கால்சியம் நைட்ரேட்டும் அசிட்டிக் அமிலமும் கொண்டு நைட்ரோ ஏற்றும் சோதனை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பசுமை வேதியியல் பணிக்குழு வெளியிட்ட ஆய்வகக் கையேட்டில் இம்முறை உள்ளது. அடர் கந்தக அமிலமும் இல்லை, அடர் நைட்ரிக் அமிலமும் இல்லை. வாழைத் தோட்டத்திற்கு உரமாகப் போடும் உப்புதான் இங்கே நைட்ரோ தொகுதியைத் தருகிறது என்பதில் மாணவர்களுக்கு ஏற்பட்ட வியப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது. எனினும் இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ராக்சில் தொகுதியால் ஏற்கெனவே கிளர்வுற்ற, அதாவது எளிதில் வினைபுரியும், வளையத்திற்கே இம்முறை பொருந்தும். பென்சீனுக்கோ குளோரோபென்சீனுக்கோ இது கைகொடுக்காது. செய்முறை வகுப்புக்கு இது போதும், ஆலைக்குப் போதாது. இச்சோதனைக்குத் தன் ஆய்வகத்தைத் தருவதாகச் சொல்லியிருந்த ஒரு நிறுவனம் முதல் நாள் மாலையில் மறுத்துவிட்டது. கூடம் வாடகைக்கு எடுக்கப்பட்டது அதனால்தான். வாடகை பற்றிய வினாக்களுக்கும் இதுவே பதில்.

மணவாளக்குறிச்சிக்கு ஒரு களப்பயணமும் நடந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டதிலிருந்து, இக்கடற்கரையின் கருமணல் உலக வேதியியலில் இடம்பெற்றுவிட்டது. தோரியத்திற்காக அன்று தேடப்பட்ட மோனசைட்டில் சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகிய லாந்தனைடுகள் (அருமண் உலோகங்கள்) நிறைந்திருக்கின்றன; பாரெட் பயன்படுத்திய இட்டெர்பியம் மட்டும் அதில் மிகக் குறைவு. ஆனால் அதே குழுவினர் அடுத்த ஆண்டே, எளிதில் வினைபுரியாத ஆர்த்தோ நைட்ரோடொலுவீனுக்கு சிர்க்கோனியம், ஹாஃப்னியம் ட்ரைஃப்ளேட்டுகள் வேலை செய்வதாகக் காட்டினர். சிர்க்கோனியத்தின் தாதுவான சிர்க்கானும், அதனுள் சிறிதளவு ஹாஃப்னியமும் இதே மணலில் இருக்கின்றன. காலடியில் இவ்வளவு கிடக்க, களப்பயணத்திற்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட வேனில் ஏறவில்லை. வேன் வாடகை ஆள்கணக்கில் குறைவதில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வராதவர்களைப் பற்றிய பத்தி இதுவே. கூட்டம் நாகர்கோவிலில் என்றால் மார்த்தாண்டத்துக்காரர்களுக்குத் தொலைவு. மார்த்தாண்டத்தில் என்றால் நாகர்கோவில்காரர்களுக்குத் தொலைவு. நடுவில் தக்கலையில் வைத்தால் இருதரப்பாருக்கும் தொலைவு. மதிய உணவு உண்டு என்று சுற்றறிக்கையில் குறிப்பிட்ட மாதத்தில் மட்டும் எந்த ஊரும் தொலைவாக இருக்கவில்லை. சந்தா நிலுவை வைத்திருப்போர் பட்டியல் வருகைப் பதிவேட்டில் காணாத பெயர்களோடு பெருமளவு ஒத்துப்போகிறது. மூன்று ஆண்டு நிலுவை இருந்தால் வாக்குரிமை இல்லை என்ற விதியை இதுவரை செயற்குழு கண்டிப்புடன் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தினால் இன்று தேர்தல் நடத்துவதற்குரிய எண்ணிக்கை இராது என்பதும் ஒரு காரணம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். இடைவெளியைக் கையிருப்பும் சிலரது நன்கொடையும் நிரப்பின. வேதிப்பொருள்களுக்கான ரசீதுகள் அனைத்தும் கோப்பில் உள்ளன. பார்க்க விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் பார்க்கலாம்.

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தணிக்கையாளருக்கும், ஒலிபெருக்கி உதவியவர்களுக்கும், சோதனைக் குடுவைகளைக் கழுவிக்கொடுத்த மாணவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. மாணவர்களுக்கு மட்டும் இரண்டு முறை நன்றி சொல்லலாம்.

வரும் ஆண்டில் மாவட்டத்துக் கல்லூரிகளின் இளநிலைச் செய்முறைப் பாடத்தில் கால்சியம் நைட்ரேட் முறையையும் சேர்க்குமாறு துறைத் தலைவர்களுக்கு எழுதவும், வினைக்கு முன்னும் பின்னும் கழிவு அமிலத்தின் அளவை ஒப்பிட்டுக் குறிப்பு தயாரிக்கவும் திட்டம் உள்ளது. இதற்கு மேற்குப் பகுதியிலிருந்து ஒரு துணைச் செயலாளர் வேண்டும். கையெழுத்துப் போட மட்டுமன்றி வேலை செய்யவும் வேண்டும். அப்படி ஒருவர் முன்வந்தால், செயலாளர் பொறுப்பையே அவரிடம் ஒப்படைப்பதில் எனக்குத் தடையில்லை. முன்வராவிட்டால், தொடங்கிய வேலையைப் பாதியில் விடும் வழக்கம் எனக்கு இல்லை என்பதைப் பொதுக்குழு அறியும். எதுவாயினும் கூடத்திற்கும் வேனுக்கும் அசிட்டிக் அமிலத்திற்கும் பணம் கொடுத்தாக வேண்டும். ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் வாயிலருகே உள்ள மேசையில் அமர்ந்திருப்பார். உணவுச் சீட்டும் அங்கேதான் வழங்கப்படும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்